ஷீதாங்கில் மூன்று நாள்

மேட்டுப்பட்டி, திண்டுக்கல்
10 ஆகஸ்ட் 2025

அன்புத் தம்பி டோனிக்கு,

அக்கா செல்வி எழுதுவது. எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. முழங்கால் மட்டும் பள்ளிக்கூட மாடிப்படியில் முனகுகிறது. தோல் கம்பெனி நெடிக்கு உனக்கு வரும் அந்தத் தும்மல் இப்போது எப்படி இருக்கிறது?

அப்பாவின் முதல் வருடப் பூசை வெள்ளிக்கிழமை நடந்தது. இஞ்ஞாசியம்மாள் அத்தை கிராமத்திலிருந்து வந்திருந்தார். நீ வராததைப் பற்றி யாரும் கேட்கவில்லை. போன வருடம் அடக்கத்தின்போதே எல்லாரும் கேட்டு முடித்துவிட்டார்கள்.

அதற்குப் பிறகு நாம் போனில் நாலு தடவை பேசியிருக்கிறோம். நாலு தடவையும் சண்டை. அதனால்தான் கடிதம். கடிதத்தில் ஒருவர் பேசி முடிக்கும்வரை மற்றவர் குறுக்கே வர முடியாது. கையால் எழுதிப் படமெடுத்து அனுப்புகிறேன். முன்பு உன் கம்பெனி மெயிலுக்கு அனுப்பியது அப்படியே திரும்பிவிட்டது. ஆகவே உன் பழைய மெயிலுக்கு அனுப்புகிறேன்.

விஷயம் இதுதான். கிறிஸ்துமஸ் விடுமுறையில் சீனாவுக்கு வருகிறேன். ஷாங்காய்க்குப் பக்கத்தில் ஷீதாங் என்று ஒரு பழைய ஊர் இருக்கிறது. தெருவுக்குப் பதில் வாய்க்கால். வீட்டுப் படிக்கட்டு நேராகத் தண்ணீரில் இறங்குகிறது. கணக்கு டீச்சர் குர்ஷித் பேகம் ஆசிரியர் அறையில் ஒரு வீடியோவில் காட்டினாள். அன்று எங்கள் தெருவில் குழாய்த் தண்ணீர் வரும் நாள். பதினோரு நாளைக்குப் பிறகு வருகிறது, வீட்டில் குடம் வைக்க ஆள் இல்லை என்று நான் தவித்துக்கொண்டிருந்தேன். வீடியோவில் ஒரு பெண் வாசலில் உட்கார்ந்தபடியே கீரை அலசினாள். அந்த ஊரை என் கண்ணால் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. அவ்வளவுதான்.

மூன்று நாள் மட்டும். டூர் கூட்டத்தோடு இல்லை, தனியாக. உன்னைப் பார்க்க வருகிறேன் என்று எண்ணிக்கொள்ளாதே. உன் வீட்டில் தங்கவும் மாட்டேன். ஒரே ஓர் உதவி போதும். வாய்க்கால் ஓரத்தில் சின்ன விடுதி ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். சில விடுதிகளில் வெளிநாட்டுக்காரர்களைச் சேர்ப்பதில்லை என்கிறார்கள். போன் செய்து கேட்டுச் சொல். எண் கீழே இருக்கிறது.

நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அக்கா,
சகாயசெல்வி


ஹைனிங்
27 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அக்கா,

கடிதம் கிடைத்தது. நான் சுகம். தும்மல் போய்விட்டது. உன் முழங்காலுக்கு எண்ணெய் போட்டுத் தேய்த்துக்கொள்.

டிசம்பரில் இங்கே குளிர் எலும்புக்குள் போகும். அந்த ஊர்களெல்லாம் படத்தில்தான் அழகு. நேரில் போனால் கூட்டமும் கடைகளும்தான். உனக்கு மொழி தெரியாது. சாப்பாடு ஒத்துக்கொள்ளாது. வெளிநாடு பார்க்க வேண்டுமென்றால் சிங்கப்பூருக்குக் குழுவாகக் கூட்டிப் போகிறார்கள், தமிழ்ச் சாப்பாடே போடுவார்கள்.

இங்கே வேலை நெருக்கடி. பிறகு விரிவாக எழுதுகிறேன்.

டோனி


திண்டுக்கல்
2 செப்டம்பர் 2025

அன்புத் தம்பி,

சுகமாக இருக்கிறாய் என்று படித்தேன். நம்பிக்கொள்கிறேன். நானும் சுகம்.

குளிருக்கு ஸ்வெட்டர் இருக்கிறது. கொடைக்கானலுக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போக வாங்கினேன். மொழிக்குப் போனில் மொழிபெயர்ப்பு இருக்கிறது. சாப்பாட்டைப் பற்றி நீ சொல்லாதே. ஒன்பது வருடம் அப்பாவுக்கு உப்பில்லாமல் வடித்த கஞ்சியில் மீதியைத்தான் நானும் குடித்தேன். எனக்கு எதுவும் ஒத்துக்கொள்ளும்.

உனக்கு ஒன்று சொல்கிறேன், சிரிக்காதே. எனக்கு வீட்டில் உட்கார முடியவில்லை. பள்ளி விட்டதும் கால் வீட்டுப் பக்கம் திரும்புவதில்லை. பஸ் ஸ்டாண்டில் எது நிற்கிறதோ அதில் ஏறிவிடுகிறேன். ரெட்டியார்சத்திரம் வரை போய், இறங்காமல் அதே வண்டியில் திரும்பியிருக்கிறேன். போன சனிக்கிழமை பழனிக்குப் போனேன். மலையடிவாரத்தில் ஒரு காபி குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் ஏறினேன். நம் கோயில் ஆள் ஒருவர் பார்த்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிறகு சாமியாரே என்னிடம் வீட்டில் ஏதும் மனக்கஷ்டமா என்று விசாரித்தார். கஷ்டம் இல்லை. நிற்க முடியவில்லை, அவ்வளவுதான். முன்பு ஒரு மணி நேரம் சேர்ந்தாற்போல் வெளியே இருந்தால் மனசு அடித்துக்கொள்ளும். இப்போது ஒரு மணி நேரம் உள்ளே இருந்தால் அடித்துக்கொள்கிறது.

அத்தையிடம் பயணத்தைச் சொன்னேன். "வயசுல போயிருந்தாலும் ஒரு அர்த்தம் உண்டு. அம்பது வயசுல சீனாவுல என்னத்த வெச்சிருக்க?" என்று கேட்டார். கிராமத்துக்கு வந்து தன்னோடு இருக்கச் சொல்கிறார். அத்தைக்கும் இப்போது இடுப்பு வலி. புரிகிறதா?

விசா விண்ணப்பத்தை ஏஜெண்டு டில்லிக்கு அனுப்ப வேண்டும். அதில் சீனாவில் உறவினர் உண்டா, அவருக்கு என்ன வேலை, எந்தக் கம்பெனி என்று கேட்டிருக்கிறது. உன் கம்பெனியின் சரியான பெயரும் முகவரியும் எழுதி அனுப்பு. விடுதியைக் கேட்டாயா?

அக்கா


திண்டுக்கல்
30 செப்டம்பர் 2025

டோனி,

நான்கு வாரம் ஆகிறது. சுகமா இல்லையா என்று ஒரு வரி எழுதக் கூடாதா?

காலாண்டுத் தேர்வுத் தாள் திருத்தி முடித்துவிட்டேன். பள்ளியில் தடையில்லாச் சான்று வாங்கிவிட்டேன். திருச்சியிலிருந்து சிங்கப்பூர் வழியாக டிக்கெட்டும் போட்டாயிற்று. 26 டிசம்பர் கிளம்பி, 27 சாயங்காலம் ஷீதாங். 30 மதியம் அங்கிருந்து புறப்பாடு. உன் கம்பெனிப் பெயர் ஒன்றுக்காகத்தான் விண்ணப்பம் நிற்கிறது.

செல்வி


ஹைனிங்
13 அக்டோபர் 2025

அன்புள்ள அக்கா,

மன்னித்துக்கொள். இங்கே தேசிய விடுமுறை, அதற்கு முன் வேலை அதிகம். உடம்பு நன்றாக இருக்கிறது.

விண்ணப்பத்தில் உறவினர் யாரும் இல்லை என்று எழுதிவிடு. அதுதான் சுலபம். கம்பெனி பெயர் மாறிக்கொண்டிருக்கிறது, வீண் குழப்பம்.

டோனி


திண்டுக்கல்
2 நவம்பர் 2025

அன்புத் தம்பி,

உன் கடிதம் வந்த அன்றே கோபமாக ஒரு பதில் எழுதினேன். அனுப்பவில்லை. உறவினர் இல்லை என்று எழுது என்கிறாய். அப்பா பெற்றது இரண்டே பேர். விண்ணப்பத்தில் 'தம்பி' என்று எழுதி, கம்பெனி என்ற இடத்தில் 'தெரியவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஏஜெண்டு இப்படி எழுதினால் சிக்கலாகும் என்றார். அதுதான் உண்மை என்றேன்.

இன்று கல்லறைத் திருநாள். காலையில் மழை. அப்பாவின் கல்லறையைக் கழுவ வேண்டிய அவசியமே இல்லாமல் மழையே கழுவிவிட்டிருந்தது. மெழுகுவர்த்திதான் நிற்கவில்லை. குடையைப் பிடித்துக்கொண்டு நின்றபோது, உன்னிடம் நான் சொன்னது ஞாபகம் வந்தது. ஞாபகம் வந்தது என்பது பொய். ஒரு நாளும் அதை மறக்கவில்லை.

அடக்கம் முடிந்த அன்று போனில் உன்னிடம், "அப்பா சாகுற வரைக்கும் உன் பேர ஒரு தடவகூடச் சொல்லல" என்றேன். நீ போனை வைத்துவிட்டாய்.

அது உண்மையில்லை, டோனி. கடைசி ஒரு மாதம் அவர் வேறு பேச்சே பேசவில்லை. தெருவில் ஆட்டோ நின்றால், "டோனி வந்துட்டான், கதவத் தொற" என்பார். திறந்து காட்டினால்தான் அடங்குவார். கடைசி நாள் சாயங்காலம் மூச்சு வாங்க ஆரம்பித்தபோதும் கேட்டார். எனக்கு அவர் படுகிற பாட்டைப் பார்க்க முடியவில்லை. "வந்துட்டாம்ப்பா. அலுப்பா இருக்குன்னு உள்ரூமுல தூங்குறான்" என்று சொன்னேன். "சாப்ட்டானா?" என்றார். சாப்பிட்டான் என்றேன். அதற்குப் பிறகு அவர் எதுவும் கேட்கவில்லை.

அவருக்கு ஒரு பொய் சொல்லி நிம்மதியாக அனுப்பினேன். உனக்கு ஒரு பொய் சொல்லி நிம்மதியைக் கெடுத்தேன். ஒன்பது வருடம் நான் ஒருத்தியே பார்த்தேன், கடைசியில் அவர் தேடியது உன்னை. அந்த ஆத்திரம்.

சீனாவுக்கு வந்து இதைச் சொல்லலாம் என்று ஒரு யோசனை இருந்தது. அப்படி வந்தால் அந்தப் பயணம் எனக்கானதாக இருக்காது. அதனால் இங்கிருந்தே சொல்லிவிட்டேன். நீ பதில் எழுதாவிட்டாலும் நான் ஷீதாங்குக்குப் போவேன்.

குளிருக்கு நல்ல போர்வை இருக்கிறதா உன்னிடம்?

அக்கா செல்வி


ஈவூ
15 நவம்பர் 2025

அன்புள்ள அக்கா,

மேலே ஊர் பெயரைப் பார்த்திருப்பாய். இதுதான் நான் இருக்கும் இடம். ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது.

உன் கடிதத்தை மார்க்கெட்டில் நின்றுகொண்டு படித்தேன். கூட வந்த வியாபாரி, பொம்மைக் கடையில் விலை கேட்கச் சொல்லிக்கொண்டே இருந்தார். எனக்குக் காது கேட்கவில்லை. அன்றைக்கு முழுவதும் எந்த வேலையும் ஓடவில்லை.

போன வருடம் ஜூலையில் ஹைனிங் தோல் கம்பெனியை மூடிவிட்டார்கள். இருபத்திரண்டு பேரில் நான் ஒருவன்தான் வெளிநாட்டுக்காரன். அதனால் வேறு வேலை கிடைத்து, அனுமதியை மாற்றினால்தான் இங்கே இருக்க முடியும். ஈவூவில் பெரிய மொத்த மார்க்கெட் இருக்கிறது. நம் ஊர் வியாபாரிகள் சரக்கு எடுக்க வருவார்கள். அவர்களோடு நாள் முழுக்க நடந்து, விலை பேசி, மொழிபெயர்த்துச் சொல்லும் வேலை. தோல் தொழில்நுட்பம் படித்தவன் இப்போது ஹேர் கிளிப்புகளுக்கும் பிளாஸ்டிக் பூக்களுக்கும் விலை பேசுகிறேன்.

அனுமதி மாற்றும்போது பாஸ்போர்ட்டை இரண்டு வாரம் அலுவலகத்தில் கொடுத்துவிட வேண்டும். அப்பா இறந்தது அந்த இரண்டு வாரத்துக்குள். உன்னிடம் லீவு கிடைக்கவில்லை என்றேன். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். சாவுச் செய்தி என்று போய்க் கேட்டிருந்தால் பாஸ்போர்ட்டைத் திருப்பித் தந்திருப்பார்களாம். பிறகு ஒருவர் சொன்னார். பிறகு என்றா சொன்னேன்? எனக்கு அப்போதே ஓரளவு தெரியும். வாங்கினால் புது வேலை போய்விடும், வெறுங்கையோடு ஊருக்கு வர வேண்டும் என்று பயந்து கேட்கவில்லை. அலுவலக வாசல் வரை போய்த் திரும்பினேன்.

அப்பா என் பேரைச் சொல்லவில்லை என்று நீ சொன்னது நியாயம் என்றே இத்தனை நாள் எண்ணியிருந்தேன். இப்போது சொன்னாரென்று தெரிந்து அதைவிடக் கஷ்டமாக இருக்கிறது. ஆனாலும் நீ எழுதியது நல்லது.

விடுதிக்கு நேற்றுப் போன் செய்தேன். சேர்த்துக்கொள்வார்கள். ஷென் என்கிற அம்மா நடத்துகிறார். 27, 28, 29 மூன்று நாளுக்கும் வாய்க்கால் பக்கத்து அறை. ஷாங்காய் ஹோங்ச்சியாவ் நிலையத்திலிருந்து ஜியாஷான் தெற்குக்கு அரை மணி நேர ரயில். வெளியே வந்ததும் ஷீதாங் பஸ். பெயர்களைச் சீன எழுத்தில் பெரிதாக எழுதி இத்துடன் அனுப்பியிருக்கிறேன். அச்செடுத்து வைத்துக்கொள். யாரிடமாவது காட்டினால் போதும். கடைகளில் போனில்தான் பணம் வாங்குகிறார்கள். அந்தச் செயலியை இங்கே வருவதற்கு முன்பே போட்டுக்கொள். உள்ளே துணி நல்ல தடிமனாகப் போடு.

நான் 29ஆம் தேதி வருகிறேன். இங்கிருந்து ரயிலில் இரண்டு மணி நேரம்தான்.

டோனி


திண்டுக்கல்
8 டிசம்பர் 2025

அன்புத் தம்பி,

விசா வந்துவிட்டது. 'தெரியவில்லை' என்று எழுதியதை அவர்கள் கண்டுகொள்ளவே இல்லை. முழங்கால் தேவலை. நடந்து பழகுகிறேன்.

பிளாஸ்டிக் பூ விற்றால் என்ன, ஹேர் கிளிப் விற்றால் என்ன? நீ கூனிப்போய் எழுதியிருப்பதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. பாஸ்போர்ட் விஷயத்தில் உன்னை மன்னித்துவிட்டேனா என்று எனக்கே தெரியவில்லை. பார்க்கலாம். நீயும் என்னை உடனே மன்னிக்க வேண்டாம்.

அத்தை போன வாரம் வந்து மூன்று நாள் இருந்தார். கிறிஸ்துமசுக்கு மறுநாள் ஒரு பெண்பிள்ளை வீட்டைப் பூட்டிவிட்டுக் கிளம்புவதா என்று ஒரே பேச்சு. நான் பயந்துபோய் டிக்கெட்டை மாற்றலாமா என்றுகூட யோசித்தேன். பள்ளியில் குர்ஷித்திடம் சொன்னேன். அவள் தாள் திருத்திக்கொண்டே, நிமிராமல், "டீச்சர், தனியாப் போறதுக்கு எதுக்கு இம்புட்டுப் பேருகிட்ட உத்தரவு கேக்குறீங்க?" என்றாள். அதற்குப் பிறகு யாரிடமும் கேட்கவில்லை.

29 அன்று நீ வந்தால் சந்தோஷம். அதற்காக மற்ற இரண்டு நாளை நான் காத்திருந்து கழிக்க மாட்டேன். நடந்துகொண்டிருப்பேன்.

அக்கா


ஷீதாங்
30 டிசம்பர் 2025, காலை

டோனி,

நீ வரவில்லை. போன் செய்யவும் எனக்கு மனசில்லை. செய்தால் ஏதாவது ஒரு காரணம் சொல்வாய், நானும் நம்புவேன்.

நான் நன்றாக இருக்கிறேன். மூக்குதான் சிவந்து கிடக்கிறது. பெட்டி கட்டியாகிவிட்டது. பஸ்ஸுக்கு இன்னும் இரண்டு மணி நேரம் இருக்கிறது.

முதல் நாள் ரயில் நிலையத்தில் தவறான வாசலில் வெளியே வந்து, உன் சீன எழுத்துக் காகிதத்தை நாலு பேரிடம் நீட்டினேன். ஐந்தாவது ஒரு பாட்டி என் கையைப் பிடித்துப் பஸ்ஸிலேயே ஏற்றிவிட்டார். விடுதியில் ஷென் அம்மா போனில் சீனத்தில் எதையோ பேசி நீட்டினார். அது தமிழில், "உங்கள் கணவர் எங்கே?" என்றது. இல்லை என்றேன். அவர் தலையாட்டிவிட்டு மறுபடி பேசினார். "நல்லது. படுக்கை முழுவதும் உங்களுக்கே" என்றது போன். எத்தனை வருடம் இந்தக் கேள்விக்கு இப்படி ஒரு பதிலுக்காகக் காத்திருந்தேனோ.

வாய்க்கால் ஓரம் முழுக்கக் கூரை போட்ட நடைபாதை இருக்கிறது. மழை பெய்தாலும் நனையாமல் ஊரைச் சுற்றலாம். வீட்டுக்கு வீடு வாத்தும் மீனும் உப்புப் போட்டுக் காயத் தொங்குகிறது. ஓர் ஆள் மட்டும் நுழையக்கூடிய சந்து ஒன்றில் போய் எதிரே வந்தவருக்கு வழிவிடப் பின்னோக்கியே நடந்து வந்தேன். எல்லாம் அழகு என்று சொல்ல மாட்டேன். சாயங்காலம் ஆனால் பாட்டுக் கடைகளின் சத்தத்துக்கு நம் பஸ் ஸ்டாண்டே தேவலை.

இரண்டாம் நாள் நடந்துகொண்டே இருந்தவள், நாலு மணிக்கு வேகவேகமாக விடுதிக்குத் திரும்பினேன். மூச்சு வாங்குகிறது, நடையைக் குறைக்கவில்லை. பாதி வழியில்தான் உறைத்தது. அது அப்பாவின் மாத்திரை நேரம். எனக்காக அங்கே யாரும் படுத்திருக்கவில்லை. பாலத்தின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அழுதேன். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அது எவ்வளவு பெரிய சௌகரியம் என்று உனக்குச் சொல்லத் தெரியவில்லை. பிறகு எதிர்ப்பக்கமாக, இருட்டும்வரை நடந்தேன்.

நேற்றுப் பத்து மணியிலிருந்து ஒரு மணி வரை, விடுதிக்கு வரும் வழியில் இருக்கும் அதே பாலத்தில் உனக்காக நின்றேன். காத்திருக்க மாட்டேன் என்று எழுதியவள்தான். ஒரு மணிக்குக் கால் விறைத்துவிட்டது. கிளம்பினேன். ஷென் அம்மா படிக்கட்டில் கீரை அலசிக்கொண்டிருந்தார். நானும் இறங்கி உட்கார்ந்தேன். என் செருப்பு ஒன்று தண்ணீரில் விழுந்து படகு மாதிரி போனது. அவர் ஒரு மூங்கிலை எடுத்துக்கொண்டு ஓட, நான் ஒற்றைச் செருப்போடு பின்னால் ஓட, ஒரே கூத்து.

நேற்றோடு உன்னை எதிர்பார்ப்பதை நிறுத்திவிட்டேன். இதைக் கோபமாகச் சொல்லவில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.

செல்வி


ஈவூ
4 ஜனவரி 2026

அன்புள்ள அக்கா,

பத்திரமாக ஊர் போய்ச் சேர்ந்திருப்பாய். குளிரில் காய்ச்சல் எதுவும் வந்துவிடவில்லையே?

29ஆம் தேதி நான் வந்தேன்.

பதினொன்றரைக்கு ஷீதாங்கில் இறங்கினேன். நீ பாலத்தில் நிற்பதை எதிர்க்கரை நடைபாதையிலிருந்து பார்த்தேன். நீல ஸ்வெட்டர். முடி நன்றாக நரைத்திருந்தது. எனக்கும் உனக்கும் நடுவில் இருபதடித் தண்ணீர். நான் ஒரு தூணுக்குப் பின்னால் நின்றுவிட்டேன். இதோ போகிறேன், இதோ போகிறேன் என்று ஒன்றரை மணி நேரம். நீ கிளம்பியதும் இந்தக் கரையிலேயே உன் கூடவே நடந்தேன். படிக்கட்டில் நீ செருப்பை விட்டதையும், ஓடியதையும் பார்த்தேன். வாய்விட்டுச் சிரித்தாய். அப்பா படுக்கையில் விழுந்ததிலிருந்து நீ அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

இப்போது போய் நின்றால், ஏன்டா இளைச்சுப்போன, சாப்ட்டியா, என்ன சட்டை இது என்று ஆரம்பித்துவிடுவாய், மறுபடி அக்கா ஆகிவிடுவாய், இருக்கிற அரை நாளும் அதில் போய்விடும் என்று தோன்றியது. அதனால் திரும்பிவிட்டேன். இது பாதிதான் உண்மை. மீதிப் பாதி, உன் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. அலுவலக வாசல் வரை போய்த் திரும்பினேனே, அதே ஆளாகத்தான் அன்றைக்கும் திரும்பினேன்.

ரயிலில் உட்கார்ந்த பிறகு ரொம்ப வெட்கமாக இருந்தது. மறுநாள் வேலைக்குப் போகவில்லை. இந்த வாரம் முதலாளியிடம் பேசிவிட்டேன். ஊருக்கு வர மூன்று வாரம் லீவு தருவதாகச் சொல்லியிருக்கிறார். மார்ச்சா ஏப்ரலா என்று முடிவாகவில்லை. என்னை வீட்டில் சேர்ப்பாயா?

டோனி


திண்டுக்கல்
11 ஜனவரி 2026

அன்புத் தம்பி டோனிக்கு,

காய்ச்சல் இல்லை. இரண்டு நாள் சளி இருந்தது, போய்விட்டது. நீ இளைத்திருக்கிறாய் என்று நீயே எழுதிவிட்டாய், ஆகவே வேளைக்குச் சாப்பிடு.

உன் கடிதத்தைப் படித்தேன். எனக்கு நல்லது எது என்று தூணுக்குப் பின்னால் நின்று நீ முடிவெடுத்தாயா? நான் அக்காவாக ஆகிவிடுவேன் என்று பயந்தாயாம். ஆகிவிட்டுப் போகிறேன். உன்னை நாலு வார்த்தை திட்டியிருப்பேன், ஒரு கிண்ணம் நூடுல்ஸ் வாங்கித் தந்திருப்பேன். அப்படியே பாலத்தைத் தாண்டி நடந்திருப்போம். அந்த அரை நாளை நீ எடுத்துக்கொண்டாய். இனி அது கிடைக்காது. இதை உன் மனசில் வைத்துக்கொள்.

எழுதி முடித்ததும் கோபம் பாதி குறைந்துவிட்டது. நீ அந்த ஊர் வரை வந்தாய் என்பதும், அதை மறைக்காமல் எழுதினாய் என்பதும் மீதியைக் குறைக்கும்.

ஊர்ச் செய்தி அதிகமில்லை. இஞ்ஞாசியம்மாள் அத்தை நான் கொண்டுவந்த தேயிலையைக் குடித்துப் பார்த்துவிட்டு, வெந்நீருக்கு இது எவ்வளவோ மேல் என்றார். கிராமத்துக்கு வந்து இருக்கும் பேச்சை எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. வகுப்பில் ஷீதாங் கதையைக் கேட்டுவிட்டு, பிள்ளைகள் டெல்டா நிலம் பற்றிய புவியியல் பாடத்தை இரண்டு பீரியடு சேர்த்து நடத்தச் சொன்னார்கள். குர்ஷித் ஏப்ரலில் ஹம்பிக்குப் போகலாமா என்று கேட்டிருக்கிறாள். துங்கபத்திரையில் பரிசல் இருக்கிறதாம். மே மாதம் தனியாக எங்கே போவது என்றும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

வீட்டில் சேர்ப்பாயா என்று கேட்டிருக்கிறாய். இது உன் வீடும்தான். வருகிற தேதியை மட்டும் முன்கூட்டியே எழுது. நான் ஊரில் இருக்கிறேனா என்று பார்த்துச் சொல்கிறேன்.

உன் அக்கா,
சகாயசெல்வி